இசை மேற்கோள் கையொப்பம்: ஆப்பெரா பாடகர்களின் கையெழுத்தைச் சேகரித்தல்

ஆப்பெரா பாடகர் ஒருவர் ஒரு தாளில் தம் பெயரை மட்டும் எழுதித் தந்தால் அது கையொப்பம். பெயருக்கு மேலே ஐந்து கோடுகளை இழுத்து, தாம் மேடையில் பாடிய ஒரு பாட்டின் சில சுரங்களை அக்கோடுகளில் எழுதி, கீழே பாட்டின் சொற்களையும் ஊரையும் நாளையும் சேர்த்துத் தந்தால் அது இசை மேற்கோள் கையொப்பம். ஆட்டோகிராஃப் சேகரிப்பவர்களிடையே இரண்டாவதற்கே மதிப்பு அதிகம்.

ஆப்பெரா என்பது கதை முழுவதையும் பாடியே நடிக்கும் ஐரோப்பிய இசை நாடகம். 1600-ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியில் தோன்றியது. அதில் ஒரு பாத்திரம் தனியாக நின்று பாடும் பாட்டுக்கு ஆரியா என்று பெயர். இசை மேற்கோளுக்குப் பெரும்பாலும் ஆரியாவின் தொடக்கமோ, அரங்கம் கைதட்டும் உச்சப் பகுதியோதான் எடுக்கப்படும். இரண்டு மூன்று தாள அளவுகளுக்கு மேல் போவது அரிது.

மேலைநாட்டு இசையெழுத்து அறியாத மாணவர்கள் இதை இப்படி எண்ணிப் பார்க்கலாம். நம் ஊர்ப் பாடகர் ஒருவரிடம் நோட்டை நீட்டுகிறோம். அவர் பெயரெழுதுவதோடு நிறுத்தாமல், தமக்குப் பிடித்த கீர்த்தனையின் பல்லவியைச் சரிகம எழுத்துகளில் ஒரு வரி எழுதித் தருகிறார். அதே செயல்தான் இது. ஒரு வேறுபாடு உண்டு. ஐந்து கோட்டு முறையில் சுரத்தின் உயரமும் அது நீடிக்கும் நேரமும் ஒரே புள்ளியின் இடத்தாலும் வடிவத்தாலும் தெரிந்துவிடும். எனவே எழுதுபவரின் கைப்பழக்கமும் அந்தப் புள்ளிகளில் அப்படியே பதிந்துவிடுகிறது.

வழக்கம் தொடங்கிய விதம்

இதன் வேர் மாணவர்களிடம் இருக்கிறது என்பதை ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாடுகளில், குறிப்பாக விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் தம் பேராசிரியர்களிடமும் நண்பர்களிடமும் சிறு புத்தகங்களில் நினைவு வாசகங்கள் எழுதி வாங்கினார்கள். ஸ்டாம்புக் எனப்பட்ட இந்த நட்புப் புத்தகங்கள்தாம் இன்றைய ஆட்டோகிராஃப் நோட்டின் மூதாதைகள். பள்ளி இறுதி நாளில் நம் பிள்ளைகள் வண்ணத்தாள் நோட்டுடன் ஆசிரியர் அறைக்கு வந்து நிற்பதும் இதே வழக்கந்தான்.

இசைக்கலைஞரிடம் நோட்டை நீட்டினால் அவர் வாசகத்துக்குப் பதில் இசையை எழுதுவது இயல்பு. யொஹான் செபாஸ்தியான் பாக் 1747-இல் ஓர் இறையியல் மாணவரின் நட்புப் புத்தகத்தில் சிறியதொரு கேனன் எழுதித் தந்தார். ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கித் தொடரும் இசை வடிவம் கேனன். பீத்தோவன் 1792-இல் பான் நகரை விட்டு வியன்னாவுக்குப் புறப்பட்டபோது நண்பர்கள் எழுதித் தந்த நட்புப் புத்தகம் இன்றும் வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. மோட்சார்ட்டின் ஆன்மாவை ஹைடனின் கைகளிலிருந்து பெறுவாய் என்ற பொருளில் வால்ட்ஸ்டைன் பிரபு எழுதியது அதில்தான். பியானோ படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கும் 'எலீசாவுக்காக' என்ற சிறு பாட்டும், பீத்தோவன் 1810-இல் ஒருவருக்கு நினைவாக எழுதித் தந்த தாள்தான். அது 1867-இல் அச்சாயிற்று. மூலத்தாள் பின்னர் காணாமல் போய்விட்டது.

19-ஆம் நூற்றாண்டில் வரவேற்பறை தோறும் ஆல்பம் வைத்திருப்பது நாகரிகமாயிற்று. போலந்து நாட்டுப் பியானோ கலைஞர் மரியா சிமனோவ்ஸ்கா ஐரோப்பா முழுவதும் பயணம் செய்து இசையமைப்பாளர்களிடமும் கவிஞர்களிடமும் எழுதி வாங்கிய ஆல்பங்கள் பாரிசில் உள்ள போலந்து நூலகத்தில் காக்கப்படுகின்றன. தாள் மட்டுமல்ல, விசிறியும் நீட்டப்பட்டது. யொஹான் ஸ்ட்ராஸ் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் பிராம்ஸிடம் விசிறியைக் கொடுத்துக் கையொப்பம் கேட்டாராம். பிராம்ஸ் தம் இசையை எழுதவில்லை. ஸ்ட்ராஸின் புகழ்பெற்ற 'நீல டான்யூப்' வால்ட்ஸின் தொடக்கத்தை எழுதி, இதை இயற்றியவன் நானல்லேனே என்று ஏங்குவது போல ஒரு வரி சேர்த்துப் பெயரெழுதினார்.

இந்த விசிறிக் கதையில் நமக்கு வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. இசையமைப்பாளர் வழக்கமாகத் தம் சொந்தச் சரக்கை எழுதுவார். லியோன்கவாலோ 'பாலியாச்சி'யிலிருந்தும், மஸ்காஞ்ஞி 'கவலேரியா ருஸ்டிகானா'விலிருந்தும் எழுதித் தந்த மேற்கோள்கள் ஏராளம். பாடகருக்கோ சொந்தச் சரக்கு இல்லை. அவர் எழுதுவது எப்போதும் இன்னொருவர் இயற்றியது. பிராம்ஸ் வேடிக்கையாகச் செய்ததைப் பாடகர் ஒவ்வொரு முறையும் செய்கிறார். அப்படியானால் பாடகரின் இசை மேற்கோளுக்கு என்ன மதிப்பு?

குரல் போனபின் எஞ்சுவது

எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது 1877-இல். ஆப்பெரா பாடகர்களின் குரல்கள் விற்பனைக்குரிய தட்டுகளில் பரவலாகப் பதிவானது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன் வாழ்ந்தவர்களின் குரல் அவர்களோடு போய்விட்டது.

மரியா மாலிபிரான் அக்காலத்தில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மயக்கிய பாடகி. குதிரையிலிருந்து விழுந்து காயமுற்று, 1836-இல் மான்செஸ்டரில் 28-ஆம் வயதில் இறந்தார். ஸ்வீடனின் ஜென்னி லிண்ட் 1849-இலேயே ஆப்பெரா மேடையை விட்டார். அடுத்த ஆண்டு பார்னம் என்பவரின் ஏற்பாட்டில் அமெரிக்கா சென்று கச்சேரிகள் செய்தார். 1887 வரை வாழ்ந்தும் அவர் குரலைக் கேட்க இன்று நமக்கு ஒரு பதிவும் இல்லை. இவர்களைப் பற்றி விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தேன் என்றும் வெள்ளிமணி என்றும் எழுதப்பட்டதை வைத்துக்கொண்டு ஒரு சுரத்தைக்கூட நாம் பாடிப் பார்க்க முடியாது. பாடகி தம் கையால் எழுதிய ஒரு வரி இசை இருந்தால் பாடிப் பார்க்கலாம்.

அக்காலப் பாடகர்கள் இசையமைப்பாளர் எழுதியதை எழுதியபடியே பாடியவர்கள் அல்லர் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஆரியாவின் முடிவில் தாளத்தை நிறுத்திவிட்டுப் பாடகர் தம் மனோதர்மத்தைக் காட்டும் இடம் ஒன்று உண்டு. அதற்குக் கடென்சா என்று பெயர். அச்சுப் புத்தகத்தில் அவ்விடத்தில் பெரும்பாலும் ஒரு நிறுத்தக் குறி மட்டுமே இருக்கும். பாடகி அங்கே என்ன பாடினார் என்பது அவர் எழுதி வைத்தால்தான் தெரியும். பிரெஞ்சுப் பாடகி லோர் சாந்தி-தமோரோ ரோசினியின் ஆப்பெராக்களில் பாடியவர், பின்னர் பாரிஸ் இசைக்கல்லூரியில் கற்பித்தவர். அவர் தம் அலங்காரங்களைக் குறித்து வைத்த நோட்டுகள் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் உள்ளன. 19-ஆம் நூற்றாண்டுப் பாட்டு முறையை ஆராய்பவர்களுக்கு அவை பெரிய சான்று. ஜென்னி லிண்டின் கடென்சாக்களும் 1891-இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்றில் அச்சிடப்பட்டுள்ளன. யாரோ ஒருவரின் ஆல்பத்தில் ஒரு பாடகி எழுதிய இரண்டு வரியில் இப்படியொரு அலங்காரம் இருந்தால், அது வெறும் நினைவுப் பொருளன்று.

கையெழுத்தின் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் பாடகர்களும் உண்டு. மாலிபிரானின் தங்கை பவுலின் வியார்தோ 1855-இல் மோட்சார்ட் தம் கையால் எழுதிய 'டான் ஜியோவானி' ஆப்பெராவின் மூலப்பிரதியை லண்டனில் வாங்கினார். அதற்காகத் தம் நகைகளை விற்றார் என்பர். வீட்டில் அதை ஒரு பெட்டியில் திருப்பொருள் போல வைத்திருந்தார். 1886-இல் பாரிசில் அவரைச் சந்தித்த சைக்கோவ்ஸ்கி அதைப் பார்த்துப் பரவசப்பட்டார். வியார்தோ அதை யாருக்கும் விற்கவில்லை. பாரிஸ் இசைக்கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். இன்று அது பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஒரு தாளை எப்படிப் படிப்பது

இசை மேற்கோள் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது, பாடகர் எந்த வரியைத் தேர்ந்தெடுத்தார் என்பதை. எழுதச் சொல்பவர் பெரும்பாலும் இன்னது வேண்டும் என்று கேட்பதில்லை. ஐம்பது பாத்திரங்களில் நடித்த ஒருவர் ஒரு பாத்திரத்தின் ஒரு வரியை எழுதுகிறார் என்றால், தம்மை அந்த வரியால் நினைக்கவேண்டும் என்று விரும்புகிறார் என்று கொள்ளலாம். ரசிகர்கள் கொண்டாடிய வரி ஒன்றாகவும் பாடகர் எழுதிய வரி வேறாகவும் இருக்கும் தாள்கள்தாம் என் பார்வையில் மிகச் சுவையானவை.

அடுத்து, எழுதியது நினைவிலிருந்தா, புத்தகத்தைப் பார்த்தா என்று பார்க்கலாம். நினைவிலிருந்து எழுதியதில் சிறு பிழைகள் இருக்கும். ஒரு கோடு விட்டுப்போயிருக்கும், தாளக் கணக்கு ஒரு கால் குறைந்திருக்கும். பிழை இருப்பதாலேயே தாளைக் குறைவாக மதிக்கக்கூடாது. அச்சிட்ட சுருதியில் அல்லாமல் வேறொரு சுருதியில் எழுதியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. மேடையில் அந்தப் பாட்டை அவர் இறக்கிப் பாடினாரா என்று ஆராய அது ஒரு துப்பு. பாடகர் எல்லோரும் இசையெழுத்தைச் சரளமாக எழுதுபவர்களும் அல்லர். பலர் பயிற்சியாளர் பியானோவில் வாசிக்கக் கேட்டுப் பாத்திரங்களைக் கற்பவர்கள். அவர்களிடம் மேற்கோள் கேட்டால் பெயர் மட்டுமே வரும். அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை.

பெயர் எழுதிய விதமும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஜென்னி லிண்ட் 1852-இல் பியானோ கலைஞர் ஓட்டோ கோல்ட்ஷ்மிட்டை மணந்தபின் கணவர் பெயரையும் சேர்த்து எழுதினார். பவுலின், 1840-இல் மணமாகும்வரை பவுலின் கார்சியா. மரியா காலஸ் 1949-இல் மெனெகினி என்பவரை மணந்து, 1959-இல் பிரிந்தார். இடைப்பட்ட காலத்து நிகழ்ச்சி அட்டைகளில் அவர் பெயர் மரியா மெனெகினி காலஸ் என்றே காணப்படும். 1965-ஆம் ஆண்டுத் தேதியிட்ட தாளில் அந்தப் பெயர் இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

சுரங்களுக்குப் பதில் படம் வரைந்து தந்தவர்களும் உண்டு. புகழ்பெற்ற டெனர் என்றிக்கோ கரூசோ கைதேர்ந்த கேலிச்சித்திரக்காரர். நியூயார்க்கிலிருந்து வந்த இத்தாலிய மொழி இதழான 'லா ஃபோலியா'வில் அவர் படங்கள் தொடர்ந்து வெளிவந்தன. ரசிகர்களுக்குத் தம் உருண்டை முகத்தையே நாலைந்து கோடுகளில் வரைந்து கொடுப்பார். ரஷ்யப் பாடகர் சாலியாபினும் வேடமிட்ட தம் முகத்தை வரைவதில் வல்லவர். 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது அங்கே இருந்த கரூசோ, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட படத்தைக் காட்டிக் காவல் வீரர்களைத் தாண்டிச் சென்றார் என்றொரு கதை உண்டு. ஆட்டோகிராஃப் வாங்கியவன் பிழைப்பான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்!

கேட்டுப் பெறும் முறை

பழைய வழி, அரங்கின் பின்வாசலில் காத்திருப்பது. வியன்னா அரசு ஆப்பெரா அரங்கின் கலைஞர் வாசலில் நிகழ்ச்சி முடிந்தபின் ரசிகர்கள் நிற்பது நெடுங்கால வழக்கம். ஆனால் மூன்று மணி நேரம் பாடிக் களைத்து வருபவரிடம் குளிரில் நிறுத்திவைத்து ஐந்து கோடு போடச் சொல்வது முறையன்று. அங்கே கையொப்பம் மட்டும் கேட்கலாம். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பாடகர்கள் இதற்கென்றே தம் படம் அச்சிட்ட அஞ்சலட்டைகளை வைத்திருப்பார்கள்.

இசை மேற்கோளுக்கு அஞ்சல்தான் ஏற்ற வழி. பாடகர் எந்த அரங்கில் எப்போது பாடுகிறார் என்பது அரங்கின் பருவ அட்டவணையில் முன்கூட்டியே வெளியாகும். ஒத்திகை தொடங்கும் வாரங்களில் சேரும்படி, அரங்கின் முகவரிக்கு அவர் பெயரிட்டு எழுதலாம். கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். அவருடைய எந்தப் பாத்திரத்தை எந்தப் பதிவில் கேட்டீர்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். எல்லோருக்கும் அனுப்பும் புகழுரை முதல் வரியிலேயே தெரிந்துவிடும். விடைத்தாளில் மனப்பாடம் எது, புரிந்து எழுதியது எது என்று எங்களுக்குத் தெரிவது போலத்தான். கெட்டியான வெள்ளை அட்டை இரண்டு வையுங்கள். ஒன்றில் ஐந்து கோடுகளை மெல்லிதாக வரைந்து வைத்தால் எழுதுபவருக்கு வேலை குறையும். அந்த அட்டை தமக்கு வேண்டாம் என்றால் மற்றதில் பெயரெழுதி அனுப்பிவிடுவார்.

திரும்பி வரும் உறையில்தான் பலர் தவறுகிறார்கள். இந்திய அஞ்சல்தலையை ஒட்டி அனுப்பினால் வெளிநாட்டில் அது செல்லாது. இந்தச் சிக்கலுக்காகவே 1906-இல் ரோம் நகரில் கூடிய உலக அஞ்சல் ஒன்றிய மாநாடு பன்னாட்டு மறுமொழிக் கூப்பனை ஏற்படுத்தியது. அதைப் பெறுபவர் தம் ஊர் அஞ்சலகத்தில் கொடுத்து அஞ்சல்தலை வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவும் பிரிட்டனும் அதன் விற்பனையை நிறுத்திவிட்டன. எனவே அந்தந்த நாட்டு அஞ்சல்தலைகளையே இணையத்தில் வாங்கி ஒட்டுவது இப்போது எளிது. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். வராமலும் போகும். நினைவூட்டுக் கடிதம் ஒன்று போதும், இரண்டாவது தொல்லை.

போலிகள்

இசைக் கையெழுத்துப் போலிகளில் தனியிடம் பெற்றவர் மிலான் நகரத்துத் தொபியா நிகோத்ரா. மோட்சார்ட், பெர்கொலேசி முதலியோரின் கையெழுத்தில் இசைத்தாள்களைத் தாமே எழுதி விற்றார். பழைய நூல்களின் வெற்றுப் பக்கங்களைக் கிழித்தெடுத்து எழுதியதால் தாள் பழையதாகவே இருந்தது. மோட்சார்ட் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு தாளை இசை நடத்துநர் தொஸ்கானினியின் மகனே வாங்கி ஏமாந்தார். 1934-இல் நிகோத்ராவுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனாலும் அவர் கைச்சரக்கு உலகை விட்டுப் போகவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக நூலகம் கலிலியோவின் கையெழுத்து என்று பெருமையோடு வைத்திருந்த ஒரு தாள் நிகோத்ராவின் வேலையாக இருக்கவேண்டும் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. தாளின் நீர்க்குறி கலிலியோ இறந்து நூறாண்டுக்கு மேல் கழிந்தபின் வந்த தாள் என்று காட்டிக்கொடுத்தது.

நம்மைப் போன்றவர்கள் கையில் வரும் போலிகள் இவ்வளவு உயர்ந்தவை அல்ல. எளிய சோதனைகளே போதும். பந்துமுனைப் பேனா கடைகளில் பரவலாகக் கிடைத்தது இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னர். 1921-இல் இறந்த கரூசோ அதில் எழுதியிருக்க முடியாது. புற ஊதா விளக்கின் கீழே தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது என்று பொருள். ஏறத்தாழ 1950-க்கு முந்தைய தாளில் அது இருக்காது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்து சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. செயலாளர் போடும் கையொப்பமும் பொறி போடும் கையொப்பமும் உண்டு. இசை மேற்கோளில் போலி செய்பவருக்குக் கூடுதல் சங்கடம் என்னவென்றால், பெயரோடு சுரத்தலைகள், வளைவுகள், தொடக்கத்தில் இடும் கிளெஃப் குறி ஆகிய எல்லாவற்றையும் அவர் தயங்காமல் எழுதியாக வேண்டும். கிளெஃப் குறியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சுழிப்பார்கள். உறுதியான வேறொரு தாளுடன் முதலில் ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

ஆல்பத்தை உடைப்பதும் தாளைக் காப்பதும்

வணிகர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. முழு ஆல்பத்தை ஒருவருக்கு விற்பதைவிடப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பலருக்கு விற்றால் வருவாய் கூடும். கடிதத்தின் அடியிலிருந்து பெயரை மட்டும் கத்தரித்தெடுத்து விற்பதும் பழைய பழக்கம். இரண்டுமே அழிவு வேலைகள் என்பது என் கருத்து. ஆல்பத்தின் உரிமையாளர் யார், எந்தப் பருவத்தில் எந்த ஊரில் யாரெல்லாம் அவர் வீட்டுக்கு வந்தார்கள், ஒரு பாடகிக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதியவர் யார் என்பதெல்லாம் தாள்கள் ஒன்றாக இருக்கும்வரைதான் தெரியும். எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் வெறும் கையொப்பங்களை விடுத்து, படைப்பு உருவாகும்போது எழுதப்பட்ட தாள்களையே தேடித் திரட்டியவர். மோட்சார்ட் தம் படைப்புகளைத் தாமே பதிந்து வந்த பட்டியல் நோட்டும் அவரிடம் இருந்தது. அவர் திரட்டியவற்றின் முக்கியப் பகுதியை 1986-இல் அவருடைய வாரிசுகள் பிரித்தானிய நூலகத்துக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் அது இன்றும் ஒரு தொகுப்பாக நிற்கிறது.

தாளைக் காப்பதில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். நான் பள்ளி முடித்தபோது ஆசிரியர்கள் எழுதித் தந்த நோட்டில் ஒரு பக்கம் கிழிந்தது. செல்லோடேப் ஒட்டினேன். இன்று அந்த டேப் உதிர்ந்துவிட்டது. அதன் பசை மட்டும் பழுப்புப் பட்டையாகத் தங்கி, தமிழாசிரியர் எழுதியதன் நடு வரியை விழுங்கிவிட்டது. ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் திரும்பப் பெற முடியாத தவறுகள். அமிலம் நீக்கிய தாள் உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ வைக்கலாம். பி.வி.சி. உறைகள் மையை உருக்கும். வெயில் படும் சுவரில் மாட்டினால் மை வெளுக்கும். மாட்டியே ஆகவேண்டுமென்றால் நகலை மாட்டுங்கள்.

இன்னொன்று, தாள் உங்களுடையதாக இருந்தாலும் அதில் எழுதியிருக்கும் இசையின் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. அண்மைக்கால இசையமைப்பாளரின் வரி என்றால் அச்சிடுமுன் அனுமதி தேவைப்படலாம்.

அடெலினா பட்டி 1905 டிசம்பரில், 62-ஆம் வயதில், வேல்ஸ் நாட்டில் உள்ள தம் கிரெய்க்-ஒய்-நோஸ் மாளிகையிலேயே ஒலிப்பதிவுக்காரர்களை வரவழைத்துப் பாடினார். அவர் இளமையில் யாருக்கேனும் எழுதித் தந்த ஒரு வரி கிடைத்து, அதே பாட்டு அந்தப் பதிவுகளிலும் இருந்தால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம், கேட்கலாம். இந்த ஒப்பீட்டுக்கு நாள் முக்கியம். தாளில் நாள் இல்லையென்றால் அது வந்த உறையின் அஞ்சல் முத்திரைதான் நாள். எனவே உறையைக் கிழித்தெறியாமல், எங்கே எப்போது எப்படிக் கிடைத்தது என்பதைத் தனித்துண்டில் பென்சிலால் எழுதி, தாளுடன் சேர்த்தே வையுங்கள்.